மலையேற்றத்தில் உங்க சைக்கிள் வேகம் எவ்ளோ? இப்படிக் கணக்குப் போடுங்க!

சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ வேகத்தில் பறக்கிறவர்கூட, மலைப்பாதையில் 9 கி.மீ-க்கு வந்துவிடுவார். அப்போ அவர் மோசமா ஓட்டினார்னு அர்த்தமா? இல்லை. பாதை எவ்வளவு செங்குத்தா இருக்குன்னு ஸ்பீடோமீட்டருக்குத் தெரியாதே!

அதனால்தான் சைக்கிள் பந்தய உலகில் 'வி.ஏ.எம்' என்ற கணக்கு இருக்கிறது. இத்தாலிய மொழியில் 'சராசரி ஏறும் வேகம்' என்பதன் சுருக்கம் இது. ஒரு மணி நேரத்தில் எத்தனை மீட்டர் உயரம் ஏறுவீர்கள் என்பதைச் சொல்லும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஏறிய உயரத்தை, எடுத்துக்கொண்ட நிமிடங்களால் வகுத்து, 60-ஆல் பெருக்குங்கள். 400 மீட்டர் உயரத்தை 40 நிமிடங்களில் ஏறினால் 600. அடுத்த மாதம் அதே மலையை 36 நிமிடங்களில் ஏறினால் 667. உடம்பு தேறியிருக்குன்னு அர்த்தம்.

சாம்பியன்கள் எவ்வளவு ஏறுவார்கள்? பிரான்ஸின் பைரனீஸ் மலையில் உள்ள 'பிளாட்டோ த பெய்' ஏற்றம் சுமார் 16 கி.மீ நீளம், 1,250 மீட்டர் உயரம். 1998 டூர் டி பிரான்ஸில் மார்கோ பன்டானி சுமார் 43 நிமிடங்களில் ஏறினார். 2024-ல் டாடே போகச்சார் சுமார் 40 நிமிடங்களில் ஏறிவிட்டார். அதாவது, வி.ஏ.எம் கிட்டத்தட்ட 1,875!

இந்தக் கணக்கைப் பிரபலமாக்கியவர் இத்தாலிய மருத்துவர் மிக்கேலே ஃபெராரி. ஊக்கமருந்து விவகாரத்தில் 2012-ல் வாழ்நாள் தடை வாங்கியவர். இன்று யாராவது அசுர வேகத்தில் மலையேறினால், அவர் மீது சந்தேகம் கிளப்பவும் இதே எண்ணைத்தான் எடுக்கிறார்கள். ஆனால், எண் மட்டுமே ஆதாரம் ஆகாது. பின்காற்று, நல்ல டயர், முன்னால் வேகம் பிடித்துக்கொடுக்கும் சக வீரர் என எல்லாமே நேரத்தைக் குறைக்கும்.

உங்களுக்கும் இதேதான். செங்குத்தான பாதையில் வி.ஏ.எம் கூடுதலாக வரும். காற்றைக் கிழிக்கும் வேலை குறைந்து, உழைப்பு உயரத்துக்கே போவதுதான் காரணம். சின்ன ஏற்றத்திலும் எண் எகிறும். மூச்சைப் பிடித்துக்கொண்டு 5 நிமிடம் மிதிப்பதும், ஒரு மணி நேரம் மிதிப்பதும் ஒன்றா என்ன?

அதனால நண்பரோட எண்ணைப் பார்த்து ஏங்காதீங்க. அதே மலை, அதே சைக்கிள், உங்க பழைய நேரம்... போட்டி அதோடு மட்டும் இருக்கட்டும்!