வாவிக்கரையிலிருந்து வளைகுடாவுக்கு

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை கடலுக்கு இணையாகக் கிடக்கும் இந்நீர்ப்பரப்பின் கீழ்ப்புறத்தை எழுவான்கரை என்றும், மேற்புறத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவர். ஒரு கரையில் மீன்பிடியும் நெசவும் வாணிகமும், மறு கரையில் நெற்செய்கையும் கால்நடையும் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தன. 1970களின் பிற்பகுதி தொட்டு இவற்றோடு மற்றொரு பிழைப்பும் சேர்ந்தது. சவூதி அரேபியா, குவைத், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளுக்கு வேலை தேடிச் செல்வதே அது. நீண்ட போரும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த கடற்கோளும் அப்போக்கை மேலும் விரைவுபடுத்தின.

வறுமை ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. இப்பகுதித் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் மகளுக்கு மணம் முடிக்கும்போது வீடு கொடுப்பது வழக்கம். தாய்வழியாக வரும் குடிமுறையோடு பின்னிய வழக்கம் இது. (குடி என்ற சொல்லுக்கு மட்டக்களப்பில் இவ்வாறான மதிப்புமிக்க பொருள் ஒன்று உண்டு என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்ளலாம், இக்கட்டுரையிற் பின்னர் வரும் குடி வேறு.) மூன்று பெண்களைப் பெற்றவர் மூன்று வீடு கட்ட வேண்டும். வலை வீசியும் வயல் விதைத்தும் அவ்வளவு பொருள் ஈட்டல் அரிது. ஆகவே தாயோ தமையனோ விமானம் ஏறுகின்றனர்.

அவ்வாறு செல்பவர் மொழி, உணவு, வெப்பம் ஆகியவற்றின் வேறுபாட்டை ஒருவாறு எதிர்பார்த்தே செல்கின்றனர். சட்டத்தின் வேறுபாட்டை எதிர்பார்ப்பவர் சிலரே. மதுவை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் அடிப்படையாக உள்ளது. உரிமம் பெற்ற தவறணையிற் கள்ளும் சாராயமும் விற்கலாம். பூரணை நாட்களில் அவை மூடப்படும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்றல் குற்றம். உரிமமின்றிக் கசிப்புக் காய்ச்சுபவரைப் பிடித்தால் பெரும்பாலும் அபராதத்தோடு காரியம் முடிந்துவிடும். இந்தப் பழக்கத்தோடு ஒருவர் குவைத்தில் இறங்கினால் நிலைமை முற்றிலும் வேறு.

சவூதி அரேபியாவில் 1951இல் ஜித்தா நகரில் அரச குடும்பத்து இளைஞர் ஒருவர் மதுவெறியிற் பிரித்தானியத் துணைத் தூதரைச் சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டே மன்னர் அப்துல் அசீஸ் மதுவை அடியோடு தடைசெய்தார். குவைத் 1964இல் இறக்குமதியைத் தடுத்தது. அமீரகத்திற் சார்ஜாவில் முழுத்தடை. பக்கத்திலுள்ள துபாயில் உரிமம் பெற்ற இடங்களில் விற்பனை உண்டு. கத்தாரிற் குறிப்பிட்ட விடுதிகளில் மட்டும் அருந்தலாம். தனியே வாங்குவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்குத் தொழில்தருநரின் கடிதமும் போதிய சம்பளமும் வேண்டும். 2024இல் றியாத்திற் கடை ஒன்று திறக்கப்பட்டபோது அது முஸ்லிம் அல்லாத தூதரக அதிகாரிகளுக்காகவே திறக்கப்பட்டது. பொறியியலாளரும் வங்கியாளரும் விடுதியில் அமர்ந்து அருந்தும் ஊர்களிலும், கட்டடத் தொழிலாளியின் முகாமில் ஒரு போத்தல் அகப்பட்டால் அவர் வேலையும் போய், நாடுகடத்தவும் படலாம். சட்டம் ஒன்றெனினும் அதன் பாரம் எல்லார் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை.

தடை இருந்தால் கள்ளச் சந்தையும் இருக்கும். சவூதியில் இரகசியமாகக் காய்ச்சப்படும் மதுவுக்கு, 'என் நண்பன்' என்று பொருள்படும் 'சதீக்கி' என்பது பெயர். நண்பன் எப்போதும் நண்பனாக இருப்பதில்லை. 2025 ஓகஸ்டிற் குவைத்தில் மெதனோல் கலந்த மது 160 பேரைத் தாக்கியது. 23 பேர் மாண்டனர். பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் ஆசிய நாட்டவரே என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சு அறிவித்தது.

மெதனோல் என்பது மணத்தாலும் சுவையாலும் சாதாரண மதுசாரத்திலிருந்து பிரித்தறிய இயலாத நஞ்சு. ஈரல் அதனை முதலில் போர்மல்டிகைட்டாகவும், பின்னர் போர்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அவ்வமிலம் குருதியைப் புளிக்கச் செய்து கண் நரம்பை அழிக்கும். இம்மாற்றத்திற்கு நேரம் எடுப்பதால், அருந்திய அன்றிரவு வெறியன்றி வேறொன்றும் தோன்றாது. பன்னிரண்டு, இருபத்துநான்கு மணி நேரம் கழித்தே வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, பனிமூட்டம் போன்ற பார்வை என்பன தொடங்கும். அப்பொழுதே மருத்துவமனை சேர்ந்தால் மாற்று மருந்தாலும் குருதிச் சுத்திகரிப்பாலும் காப்பாற்றலாம். ஆனால், மருத்துவமனைக்குச் செல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும் என்று தொழிலாளி அஞ்சுகிறார். போர்த்திக்கொண்டு முகாமிலே படுத்துவிடுகிறார். உயிரைப் போக்குவதில் நஞ்சுக்குத் துணைநிற்பது இவ்வச்சமே.

இவ்வச்சத்தின் வேர் மதுச் சட்டத்தில் மட்டும் இல்லை. 'கபாலா' என்பது பொறுப்பேற்றலைக் குறிக்கும் அரபுச் சொல். அம்முறையில் தொழிலாளியின் வதிவுரிமை ஒரு தனி முதலாளியின் கையில் தங்கியிருக்கிறது. வேலையை விட்டு நீங்கினால், 'ஓடிப்போனவர்' என்று முதலாளி முறையிடலாம். அதன்பின் சம்பளம் கேட்டு வாதிட நின்றவரே பிடிபட வேண்டியவராகிறார். கத்தார் 2018இலும் 2020இலும் வெளியேறும் அனுமதியையும், வேலை மாறுவதற்கான முதலாளியின் இசைவையும் நீக்கியது. சவூதி 2021இற் செய்த சீர்திருத்தம் வீட்டுப் பணிப்பெண்களையும் சாரதிகளையும் உள்ளடக்கவில்லை. வாவிக்கரைப் பெண்களிற் செல்வோர் பெரும்பாலும் வீட்டுப்பணிக்கே செல்கின்றனர் என்பதை நோக்க, அவ்விடைவெளி சிறியதன்று.

அயல் மாவட்டத்து மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் வரலாறு இதனை விளக்கும். 2005இற் சவூதி சென்றபோது அவருக்கு வயது பதினேழு. கடவுச்சீட்டிலோ முகவர் வயதைக் கூட்டி எழுதுவித்திருந்தார். அவர் பொறுப்பில் விடப்பட்ட குழந்தை இறந்தது. தொடக்க விசாரணையில் வழக்கறிஞர் இல்லை. தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரும் இல்லை. 2013 ஜனவரி 9ஆம் நாள் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. வயதை மாற்றிய அந்த ஒரு வரி எழுதப்பட்டது இலங்கையில்தான்.

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிந்து செல்வோருக்குக் காப்புறுதி உண்டு. முறைப்பாடு செய்ய வழியும் உண்டு. ஊர்தோறும் வரும் உப முகவரோ, பதிவு வேண்டாம், சுற்றுலா வீசாவிலே போகலாம், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பார். அவ்வாறு சென்றவரின் பெயர் பணியகத்தின் ஏடுகளில் இராது. ஒப்பந்தத்தின் படி ஒன்றை வீட்டில் விட்டுச் செல்லுதல், கடவுச்சீட்டின் இலக்கத்தை வேறிடத்தில் எழுதி வைத்தல், தூதரகத்தின் தொலைபேசி எண்ணை மனத்திற் பதித்தல் ஆகியவை சிறு காரியங்கள், செலவும் இல்லை. பிறர் தரும் பொதியை உள்ளே பாராமல் ஏற்றலாகாது. மருந்தென்று கொடுக்கப்பட்ட போத்தலுக்கும் சுங்கத்திற் கொண்டுவந்தவரே பொறுப்பாளி.

நாடுகடத்தப்படுபவரின் விரலடையாளம் பதியப்படுகிறது. மீண்டும் அந்நாட்டுக்குள் நுழைதல் அரிதாகும். முகவருக்குக் கொடுத்த பணத்திற்காக அடகு வைத்த நகை ஊரிலே வட்டியேறிக் கிடக்கும். அதனை மீட்க அடுத்து விமானம் ஏறுவது பெரும்பாலும் அவர் மனைவியே.