வீட்டு வைஃபையும் பிள்ளையின் லேப்டாப்பும்



முன்பெல்லாம் லயத்தில் ஒரு வீட்டில் டீ.வி. இருந்தால் நாலு வீட்டுப் பிள்ளைகளும் அங்கே கூடிவிடுவார்கள். இன்று சிம் போட்ட சின்ன ரவுட்டர் ஒன்றை ஜன்னலோரம் வைத்தால் வீட்டுக்குள்ளேயே இன்டர்நெட் வருகிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்குக் கஷ்டப்பட்டு ஒரு பழைய லேப்டாப்பும் வாங்கிக் கொடுக்கிறோம். ஆனால் "போன்ல வருது, இதுல வரமாட்டேங்குதே அம்மா" என்று பிள்ளை கலங்கி நிற்கிறது. என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். பிறகு லேப்டாப் திரையின் கீழே, வலது மூலையில், நேரம் காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள வைஃபை அடையாளத்தை அழுத்துங்கள். பெயர்கள் வரிசையாக வரும். உங்கள் ரவுட்டரின் பெயரைத் தெரிவு செய்து, 'கனெக்ட்' கொடுத்து, பாஸ்வேர்டை அடியுங்கள். அவ்வளவுதான்.

வரவில்லையா? பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

1. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. பூச்சியத்தை 'ஓ' என்று அடித்தாலும் வராது. கண் படத்தை அழுத்தினால் அடித்ததைப் பார்க்கலாம்.

2. 'ஏரோப்ளேன் மோட்' போட்டிருந்தால் வைஃபை நின்றுவிடும். அதை எடுத்துவிடுங்கள்.

3. பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் லேப்டாப் பழையதையே நினைவில் வைத்திருக்கலாம். அந்தப் பெயரில் 'ஃபொர்கெட்' கொடுத்துவிட்டுப் புதிதாக அடியுங்கள்.

4. சில பழைய லேப்டாப்புகளுக்கு 5 கிகாஹேர்ட்ஸ் அலை தெரியாது, 2.4 மட்டுமே தெரியும். 2018இல் வந்த டபிள்யூ.பீ.ஏ.3 என்ற பூட்டும் சிலவற்றுக்குப் புரியாது. ரவுட்டரில் 2.4 அலையையும் டபிள்யூ.பீ.ஏ.2 பூட்டையும் வைத்துப் பாருங்கள். போனில் வந்து லேப்டாப்பில் வராததற்கு இதுவும் காரணமாகலாம்.

5. இணைந்தும் ஒன்றும் திறக்காவிட்டால், டேட்டா முடிந்ததா, லேப்டாப்பில் திகதி சரியா என்று பாருங்கள். திகதி பிழையென்றால் பல தளங்கள் திறக்காது.

இத்தனை தொல்லை எதற்கு, பூட்டே இல்லாமல் விட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். லயத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர்தான். வைஃபை அலை அந்தச் சுவரைத் தாண்டிப் போகும். பூட்டாவிட்டால் யாரோ படம் பார்க்க, மாதத்து டேட்டா பத்து நாளில் தீர்ந்துவிடும். பரீட்சை நேரத்தில் பிள்ளையின் வகுப்பு பாதியில் நிற்கும். உங்கள் இணைப்பில் யாராவது தவறான வேலை செய்தாலும் முதலில் கேள்வி உங்களிடம்தான் வரும்.

வீட்டுக்கு வருபவர் எவரும் ஸ்டிக்கரைப் பார்க்கலாம். ஆகவே அதிலுள்ள பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். டபிள்யூ.பீ.ஏ.2 பூட்டுக்குக் குறைந்தது 8 எழுத்து வேண்டும். 12க்கு மேல் இருந்தால் நல்லது. பிள்ளையின் பெயர், போன் நம்பர் வேண்டாம். சுவரில் எழுதாமல் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

பூட்டுவது அயலவரை ஒதுக்குவதற்கல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் பாடம் இருக்கிறது. பல ரவுட்டர்களில் விருந்தாளிகளுக்கென்று 'கெஸ்ட்' வைஃபை தனியாக உண்டு. அதற்கு வேறு பாஸ்வேர்ட் வைத்துக் கொடுங்கள். டேட்டா ஒன்றுதான் என்பதால், எவ்வளவு பாவிக்கலாம் என்று இரு வீட்டாரும் பேசிக்கொள்வோம். நம் பிள்ளைகள் சேர்ந்தே படிக்கட்டும்.