சட்டப்படி இங்குக் குடியிருப்பவருக்கு

மைசூரிலிருந்து சாமுண்டி மலை அடிவாரத்தை நோக்கிச் செல்வோர் கண்ணில் லலித மஹால் அரண்மனை படாமல் போகாது. வைஸ்ராய் வந்தால் தங்குவதற்கென்று மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் எழுப்பிய மாளிகை அது. 1921ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஃப்ரிட்ச்லி என்னும் கட்டடக் கலைஞர் அதன் நடுக் குவிமாடத்தை லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் சாயலில் அமைத்தார். சிறு வயது முதல் அந்த நகலையே பார்த்து வளர்ந்த எனக்கு, 2021ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் அலுவலகத்துக்கு மாற்றலானபோதுதான் மூலத்தைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. முதல் வாரத்திலேயே மதிய இடைவேளையில் நடந்து சென்று பார்த்தேன். நம் ஊரில் இருப்பது இதைவிட வெண்மையாக இருக்கிறதே என்பதுதான் மனத்தில் முதலில் எழுந்த எண்ணம். மூன்று ஆண்டுகள் அங்கிருந்தபோது இதே எண்ணம் வேறு பல செய்திகளிலும் எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது.

எடுத்துக்காட்டாக ஆங்கிலத்தையே சொல்லலாம். 'தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்' என்ற பாணியில் ஆங்கிலக் கடிதம் எழுதப் பழகியவர்கள் நாம். அந்த நடையில் நான் அனுப்பிய முதல் கடிதத்தைப் படித்த ஆங்கிலேயச் சக அலுவலர், தம் தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்த தாளைப் போலிருக்கிறது என்றார். அவர்கள் பேசும் ஆங்கிலத்துக்கோ தனி அகராதி வேண்டும். ஒரு கணக்கறிக்கையைப் பார்த்து 'நாட் பேட்' என்றால் மிக நன்று என்று பொருள். 'க்வைட் இன்ட்ரஸ்டிங்' என்றால் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடலாம். 'ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு உணவருந்த வரவேண்டும்' என்று அழைத்தவர், எந்த நாள் என்று நான் கேட்டதும் திகைத்துப்போனார். நாமும் 'ஒரு நாள் வீட்டுக்கு வாங்க' என்று சொல்கிறோம். ஆனால் கேட்டவர் மறுநாளே வந்து நின்றால் காப்பியாவது கிடைக்கும்.

வரிசையில் நிற்பது அவர்களுக்கு ஏறத்தாழ ஒரு சமயம். 2022 செப்டம்பர் 8ஆம் நாள் இரண்டாம் எலிசபெத் அரசி மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அவர் உடலுக்கு அஞ்சலி செலுத்தத் தேம்ஸ் நதிக்கரையோரமாக மைல் கணக்கில் வரிசை நீண்டது. சில வேளைகளில் 24 மணி நேரம் வரை காத்திருக்க நேரும் என அரசே அறிவித்தது. கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் 12 மணி நேரத்துக்கும் மேலாக எல்லோரையும் போல நின்றார். முந்திச் செல்ல முயன்றவர் எவரையும் நான் அங்குக் காணவில்லை. 'சார், ஒரே ஒரு கையெழுத்து' என்று பக்கவாட்டிலிருந்து நீளும் கைகளைப் பதினெட்டு ஆண்டுகள் கவுன்டரில் பார்த்தவன் என்ற முறையில், அந்த வரிசையைப் பார்த்து எனக்குச் சற்றுப் பொறாமையே உண்டாயிற்று.

அரசியலில்தான் அவர்கள் வரிசை ஒரு முறை குலைந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் நிதியமைச்சர் குவாசி குவார்டெங், ஈடுகட்ட வழி சொல்லாமல் பெரும் வரிக்குறைப்புகளை அறிவித்தார். அரசுக் கடன் பத்திரங்களின் விலை சரிந்தது. அவற்றை நம்பியிருந்த ஓய்வூதிய நிதிகள் ஆட்டம் கண்டன. 28ஆம் நாள் இங்கிலாந்து வங்கி தலையிட்டுப் பத்திரங்களை வாங்கத் தொடங்கியது. அந்த ஐந்து நாள்களும் எங்கள் அலுவலகத்தில் எவரும் தேநீரைச் சூடாகக் குடித்ததாக நினைவில்லை. பதவியேற்று 50 நாள்கள்கூட நிறைவதற்குள் லிஸ் டிரஸ் விலகினார். ரிஷி சுனக் பிரதமரானார். அவருடைய மாமனார் நாராயண மூர்த்தி மைசூர் தேசியப் பொறியியல் கல்லூரியில் பயின்றவர் அல்லவா! 'நம்ம ஊர் மாப்பிள்ளை லண்டனைப் பிடித்துவிட்டார்' என்று மைசூர் நண்பர்கள் எனக்குச் செய்தி அனுப்பியவண்ணம் இருந்தனர். இத்தனை குழப்பத்துக்கும் நடுவே ஓர் எழுதப்பட்ட அரசியல் சாசனம் அந்நாட்டில் இல்லை என்பது வியப்பு. சட்டங்களும் தீர்ப்புகளும் உண்டு; ஒரே நூலாகத் தொகுத்த சாசனம் கிடையாது. மற்றவை வழக்கம், மரபு, 'இப்படித்தான் செய்வார்கள்' என்ற நம்பிக்கை.

தாள் இல்லாமலே நாட்டை ஆளும் மக்கள், வெளியூரிலிருந்து வந்தவனிடம் மட்டும் தாள் கேட்கிறார்கள் என்பதை நான் பட்டறிந்தேன். லண்டனில் இறங்கியதும் என் சொந்தப் பயன்பாட்டுக்கு ஓர் உள்ளூர் வங்கியில் கணக்குத் தொடங்கச் சென்றேன். கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, முகவரிச் சான்று வேண்டும் என்றனர். ஈஸ்ட் ஹாம் பகுதியில் வீடு பார்த்தேன். வீட்டைத் தர உள்ளூர் வங்கிக் கணக்கின் அறிக்கை வேண்டும் என்றார் முகவர். கணக்குக்கு வீடு வேண்டும். வீட்டுக்குக் கணக்கு வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். பிறருக்குக் கடன் தகுதியை மதிப்பிட்டே வயிறு வளர்த்த எனக்கு, கடன் வரலாறு எதுவும் இல்லையென்று கைப்பேசி இணைப்புக்கூட மறுக்கப்பட்டது.

ஒரு தமிழ்க் குடும்பத்தின் தயவில் அறையொன்றில் தங்கியிருந்தேன். பின்னர் தனியே ஒரு சிறு வீட்டுக்குக் குடிபோனபோது, அங்கு எனக்கு முதலில் வந்த கடிதம் தொலைக்காட்சி உரிமம் வழங்கும் அமைப்பினுடையது. அந்நாட்டில் தொலைக்காட்சி பார்க்க அப்போது ஆண்டுக்கு 159 பவுண்டு உரிமக் கட்டணம். வானொலிப் பெட்டிக்காக அஞ்சலகத்தில் உரிமத் தொகை கட்டிய காலம் நம் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். உறையின் மேல் என் பெயர் இல்லை. 'சட்டப்படி இங்குக் குடியிருப்பவருக்கு' என்ற பொருளில் அச்சிட்டிருந்தது. நான் அங்கு வசிப்பதை அந்நாட்டில் முதன்முதலாக ஒப்புக்கொண்ட ஆவணம்! ஆவலுடன் வங்கிக்கு எடுத்துச் சென்றேன். பெயர் இல்லையே என்று இளம் அலுவலர் வருத்தத்துடன் மூன்று முறை 'சாரி' சொன்னார். பின்னர் கவுன்சில் வரிக்கான சீட்டு என் பெயரில் வந்த பிறகே கணக்குத் திறக்கப்பட்டது. அதற்குள் ஐந்து வாரங்கள் கழிந்திருந்தன.

இவர்களுக்கு ஓர் அடையாள அட்டை இருந்தால் என்ன என்று சக அலுவலரிடம் கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகுதான் கிளாரன்ஸ் வில்காக் என்பவரைப் பற்றி அறிந்தேன். இரண்டாம் உலகப் போருக்காகக் கொண்டுவந்த அடையாள அட்டை, போர் முடிந்த பின்னும் அங்கு நடைமுறையில் இருந்தது. 1950 டிசம்பரில் வடக்கு லண்டனின் ஃபிஞ்ச்லியில் வில்காக்கின் காரை நிறுத்திய காவலர் அட்டையைக் கேட்டார். சலவை நிறுவனம் ஒன்றின் மேலாளரான அவர் காட்ட மறுத்தார். வழக்கில் அவர் தோற்றார். ஆனால் போர்க்காலச் சட்டத்தை அமைதிக் காலத்தில் இப்படிப் பயன்படுத்துவதை மேல்முறையீட்டில் தலைமை நீதிபதி கோடார்ட் கடுமையாகக் கண்டித்தார். 1952இல் அட்டை ஒழிந்தது. 2006இல் மீண்டும் கொண்டுவந்த சட்டம் 2010இல் நீக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் பிரதமர் ஸ்டார்மர் எண்ம அடையாளத் திட்டத்தை அறிவித்தபோது, எதிர்த்துக் கையெழுத்திட்டோர் 20 இலட்சத்துக்கும் அதிகம். காவலர் கேட்டால் தான் யாரென்று சொல்ல வேண்டியதில்லை என்பது ஆங்கிலேயருக்கு உயிர். நியாயமான உணர்வுதான். ஆனால் தான் யாரென்று சொல்லத் துடிப்பவனுக்கு அங்கே கையில் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் தொழில் முறையில் என்னை உறுத்தியது. அந்நாட்டில் 2015க்குப் பின் 6,000க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகள் மூடப்பட்டுவிட்டன. எசெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்டு என்னும் சிற்றூரில், பல வங்கிகளுக்கும் பொதுவான ஒரு மையத்தைப் பார்த்தேன். பணம் கட்டவும் எடுக்கவும் எந்நாளும் முடியும். மற்றவற்றைப் பேச ஒவ்வொரு வங்கியின் அலுவலரும் வாரத்தில் ஒரு நாள் வருவார். சந்தை கூடும் நாளைப் போல வங்கிக்கும் ஒரு கிழமை! அங்கிருந்த மூதாட்டி ஒருவர் அன்று தம் வங்கியின் நாள் அன்று என்று தெரிந்தும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே மழைகூட இல்லை.

2024இன் இறுதியில் மைசூர் திரும்பினேன். சில மாதங்களில், தருமபுரிப் பக்கத்திலிருந்து வெளிவட்டச் சாலையில் கட்டட வேலைக்கு வந்திருந்த ஒரு பெண்மணி சேமிப்புக் கணக்குத் தொடங்க வந்தார். ஆதாரில் ஊர் முகவரி. மைசூரில் வசிப்பதற்குச் சான்று இருக்கிறதா என்று கேட்டதற்கு, "வீட்டுக்காரரு எழுதித் தர மாட்டேன்னுட்டாரு சார்" என்றார். அரைகுறைத் தமிழ் தெரிந்த எங்கள் கன்னட எழுத்தர், கணவன் மனைவி பூசல் என்று எண்ணித் தலையைக் குனிந்துகொண்டார். வாடகைக்கு விட்டவரைத்தான் அவர் சொன்னார்.

2019இல் இதே போன்ற ஒருவரை, வாடகை ஒப்பந்தம் இல்லாமல் வரவேண்டாம் என்று நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் மீண்டும் வரவேயில்லை. ஆதார் வழியே அடையாளம் சரிபார்க்கப்பட்டவர், இப்போது வசிக்கும் முகவரி வேறாக இருந்தால் அதைத் தாமே எழுதித் தரும் உறுதிமொழி போதும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எந்த ஆவணமும் இல்லாதவருக்கும், அலுவலர் முன்னிலையில் கையெழுத்தோ கைநாட்டோ இட்டு, வரம்புக்குட்பட்ட 'சிறு கணக்கு' தொடங்க வழி உண்டு. அதில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவும் முடியாது. சுற்றறிக்கைகளை நான் படிக்காதவன் அல்லன். ஒரு தாள் கூடுதலாக இருந்தால் நமக்குப் பாதுகாப்பு என்று எண்ணியவன், அவ்வளவே.

உறுதிமொழித் தாளை அவரிடம் நீட்டினேன். கதவு எண் தெரியாது என்றார். தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, நீலக் கதவு, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறை என்றார். அப்படியே எழுதிக்கொண்டு, வீட்டு எண்ணை மட்டும் மறுநாள் பார்த்து வந்து சொல்லச் சொன்னேன். மறுநாள் காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது, வரிசையில் முதல் ஆளாக அவர் நின்றிருந்தார்.