வீட்டில் கம்பளி, பட்டு நூலுக்குச் சாயம் போடும் முன்



நம் தையல் வகுப்பில் படித்த ஒரு சகோதரி, சென்ற ஆண்டு ரமளானுக்கு முன்பு வட்டியில்லாக் கடன் கேட்டு விண்ணப்பித்தார். சேலைக் குஞ்சம் கட்டுவதும் ஆரி வேலையும் அவருக்கு நன்றாக வரும். கேட்கிற நிறத்தில் நூல் கிடைக்காததால் ஆர்டர்கள் கைநழுவுகின்றன, வெள்ளை நூலை வாங்கி வீட்டிலேயே சாயம் போட்டால் எந்த நிறமும் நம் கையில் என்றார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். போட்டதோடு நிற்காமல், கல்லூரியில் வேதியியல் படித்தவன் என்ற தைரியத்தில், "வினிகர் சேர்த்துக் கொதிக்க விடுங்கம்மா, பட்டு சாயத்தைக் குடித்துவிடும்" என்று வழியும் சொல்லி அனுப்பினேன்.

அவர் பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடை ஒன்றில் 'சில்க் நூல்' என்று விற்றதை ஒரு கிலோ வாங்கினார். சொன்னபடியே செய்தார். பானைத் தண்ணீர் சிவப்பாகவே இருந்தது. நூலில் ஏறியது வெளிறிய ரோஜா நிறம், அதுவும் இரண்டு முறை அலசியதும் போய்விட்டது. வாங்கியது பட்டே இல்லை, ரேயான் நூல். பயன்படாத அந்த நூலுக்காக அவர் பல மாதம் தவணை கட்டினார். தவறில் பாதி என்னுடையது. சாயத்தைப் பற்றிச் சொன்ன நான், முதலில் நூலைப் பாருங்கள் என்று சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான். இப்போது மேலும் சிலர் இதே தொழிலுக்குக் கடன் கேட்டிருக்கிறார்கள்.

கடையில் 'சில்க் த்ரெட்' என்று ஆரி வேலைக்கும் வளையலுக்கும் விற்பதில் பெரும்பாலானவை ரேயான் அல்லது பாலியெஸ்டர். 'உல்லன்' என்று குரோஷாவுக்கு விற்கும் உருண்டைகளில் பெரும்பாலானவை அக்ரிலிக், அதாவது ஒரு வகை பிளாஸ்டிக். இவற்றின் மேல் குற்றம் சொல்வதற்கில்லை, அவற்றுக்கான வேலைக்கு அவை நல்ல நூல்தான். வினிகர்ச் சாயம் மட்டும் அவற்றில் ஏறாது. கண்டுபிடிக்க விரல் நீள நூலும் ஒரு தீக்குச்சியும் போதும். இடுக்கியால் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேல் வைத்துக் கொளுத்துங்கள். உண்மையான கம்பளியும் பட்டும் மெதுவாகச் சுருண்டு எரியும், நெருப்பை எடுத்ததும் அநேகமாக அணைந்துவிடும், முடி கருகிய நாற்றம் வரும், மிஞ்சும் கரி விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக்கும் பாலியெஸ்டரும் உருகி, ஆறியதும் நசுங்காத கெட்டி மணியாக நிற்கும். பருத்தியும் ரேயானும் காகிதம் எரிவது போல் எரிந்து சாம்பலாகும்.

முடி கருகிய நாற்றம் ஏன்? கம்பளியும் முடிதானே. ஆட்டின் ரோமம், நம் தலைமுடி, நகம், தோலின் மேற்படலம் எல்லாம் கெரட்டின் என்ற ஒரே குடும்பப் புரதம். பட்டுப்பூச்சி நூற்பது ஃபைப்ராயின் என்ற வேறொரு புரதம். பருத்தியும் ரேயானும் செல்லுலோஸ், செடியின் சரக்கு. புரதத்தில் அமினோ என்ற பகுதிகள் உண்டு. தண்ணீரில் கொஞ்சம் புளிப்பு சேர்ந்ததும் அவை நேர் மின்னேற்றம் பெறுகின்றன. 'ஆசிட் டை' எனப்படும் சாயங்கள் எதிர் மின்னேற்றம் உள்ளவை. காந்தத்தில் இரும்பு ஒட்டுவது போலச் சாயம் இழைக்குள் போய்ப் பிடித்துக்கொள்கிறது. செல்லுலோஸில் அந்தக் கொக்கி கிடையாது. அந்தச் சகோதரியின் பானை சிவப்பாகவே நின்றதற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஆடு என்றதும் பக்ரீத் நினைவு வரும். தோலை உரிக்கும்போது அந்த ரோமத்தைச் சேர்த்துவைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்துச் செம்மறி 'மெட்ராஸ் ரெட்' இனம். அதற்கு இருப்பது குட்டை முடி, நூற்கும் கம்பளி இல்லை. தமிழ்நாட்டில் மென்மையான கம்பளி தருவது நீலகிரி இனம். ஊட்டிக்கு அருகில் சாண்டிநல்லாவில் அதற்கென்று செம்மறி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

இனி செய்முறை. 100 கிராம் நூலுக்கு 3 லிட்டர் தண்ணீர் கொள்ளும் எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். அலுமினியம், இரும்புப் பாத்திரம் நிறத்தைக் கெடுக்கும். நூலைத் தளர்வான சிட்டமாகக் கட்டி, ஒரு சொட்டு ஷாம்பு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். காய்ந்த நூலைச் சாயத்தில் போட்டால் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். சாயத்தைத் தனியே கரைத்து, வடிகட்டி ஊற்றி, ஊறிய நூலைப் போட்டு மெதுவாகச் சூடேற்றுங்கள். கை பொறுக்காத சூடு வந்தபின் அரை டம்ளர் வினிகரைத் தண்ணீரில் கலந்து, நூலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு ஊற்றுங்கள். வினிகர் இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு போதும். புளி வேண்டாம், அதன் பழுப்பும் சேர்ந்து ஏறும். வினிகரை முதலிலேயே ஊற்றினால் சாயம் அவசரமாகப் பாய்ந்து ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும். புளிப்பைத் தாமதமாகக் கொடுப்பதுதான் சமமான நிறத்தின் ரகசியம்.

பிறகு அரைமணி நேரம் அதே சூட்டில் வைக்க வேண்டும். தளதளவென்று கொதிக்கக் கூடாது. கம்பளிக்கு ஓரத்தில் சிறு குமிழி வரும் பக்குவம், பட்டுக்கு அதற்கும் சற்றுக் குறைவு. கரண்டியால் கிளறவும் கூடாது. கொதிப்பும் கிளறலும் திடீர்க் குளிரும் சேர்ந்தால் கம்பளி சுருங்கி, போர்வைத் துணி போல் ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. அடுப்பை அணைத்து, பாத்திரத்திலேயே ஆறவிட்டு அலசுங்கள். ஒரு வெள்ளைக் கரண்டியில் தண்ணீரை மொண்டு பாருங்கள். சாயம் முழுவதும் நூலுக்குப் போயிருந்தால் தண்ணீர் ஏறக்குறைய தெளிந்திருக்கும். முதல் முறை இதைப் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள். தெளியவில்லை என்றால் சாயம் அதிகம், அல்லது புளிப்போ நேரமோ போதவில்லை.

பட்டு வாங்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கச்சாப் பட்டின் மேல் செரிசின் என்ற பிசின் இருக்கும். சோப்பு நீரில் வேகவைத்து அதை எடுத்தபின்தான் பளபளப்பும் மென்மையும் வரும், எடையிலும் ஏறக்குறைய கால்பங்கு குறையும். பிசின் எடுத்த நூல்தானா என்று கேட்காமல் கிலோக் கணக்கில் விலை பேசாதீர்கள். முடிந்தவர்கள் தாம்பரத்தில் திருமால்பூர் மின்ரயில் ஏறி, காஞ்சிபுரத்தில் இறங்கி, சாயப்பட்டறை ஒன்றில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். கோலில் மாட்டிய சிட்டங்களைக் கொதிநீரில் சாயக்காரர்கள் திருப்பித் திருப்பிப் போடும் வேகத்தை எழுத்தில் சொல்லித்தர முடியாது.

என்ன சாயம் போடுவது? பழகுவதற்கு உணவு நிறங்களே போதும். நம் நாட்டில் உணவுக்கு அனுமதித்த எட்டுச் செயற்கை நிறங்களும் எதிர் மின்னேற்றம் உள்ள அதே வகை. வினிகரோடு கம்பளியிலும் பட்டிலும் ஏறும். இதைத் திருப்பிப் போட்டால் இன்னொரு பயன் உண்டு. உணவுப் பரிசோதனைக் கூடங்களில், தின்பண்டத்தைக் கரைத்து, புளிப்புச் சேர்த்து, வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுச் சூடாக்கிப் பார்ப்பார்கள். செயற்கை நிறம் இருந்தால் நூலில் ஏறிவிடும். ஆனால் துணிச்சாயத்தை உணவுக்குப் பயன்படுத்துவது வேறு விஷயம். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது, அதில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருந்ததால்தான். அதனால் சாயப் பொட்டலத்தைக் கேசரி பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பாத்திரம், கரண்டி, வடிகட்டி மூன்றும் தனி. அவை மறுபடி சமையலுக்கு வரக் கூடாது.

உணவு நிறம் வெயிலிலும் துவைப்பிலும் மங்கும். விற்பனைக்கு என்றால் பட்டுக்கான ஆசிட் டை வாங்க வேண்டும். நடுத்தர நிறத்துக்கு 100 கிராம் நூலுக்கு ஒரு கிராம் போதும். பெயரில்லாத உதிரிப் பொட்டலம் வேண்டாம். புற்றுநோய் அபாயம் காரணமாக 1990-களில் இந்திய அரசு 112 சாயங்களைத் தடை செய்தது. பொட்டலத்தில் பெயரே இல்லையென்றால் உள்ளே இருப்பது எது என்று யாருக்குத் தெரியும்? பொடியைக் கரைக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். வீசிங் உள்ள பிள்ளைகள் அந்த அறையில் வேண்டாம். சாயம் போட்ட நூலை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். துணியில் பட்டால் வாங்குபவரிடம் சொல்லித்தான் விற்க வேண்டும். குறையைச் சொல்லி விற்பது மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த வியாபாரம்.

இயற்கைச் சாயம் விரும்புவோருக்கு நாட்டு மருந்துக் கடை போதும். மஞ்சிட்டி வேர் செம்மண் சிவப்பு தரும். வெங்காயத் தோல் பொன்னிறம், மாதுளைத் தோல் மஞ்சள், மருதாணி இலை பழுப்பு. மஞ்சள்தூள் அழகாக ஏறி வெயிலில் சீக்கிரம் போய்விடும். நிறம் நன்றாகப் பிடித்து நிற்க, 100 கிராம் நூலை முதலில் 10 முதல் 15 கிராம் படிகாரத்தில் ஒரு மணி நேரம் சூடாக்க வேண்டும். நம் பகுதி போர்வெல் தண்ணீரில் இரும்பு இருந்தால் நிறம் கறுத்துவிடும், கேன் தண்ணீர் நல்லது. மஞ்சிட்டிக்கு மட்டும் சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீரே சிவப்பைத் தூக்கிக்கொடுக்கும்.

பழைய செய்முறைகளில் படிகாரத்துக்குப் பதில் பொட்டாசியம் டைக்ரோமேட் என்ற ஆரஞ்சு நிற உப்பைச் சொல்லியிருக்கும். அதை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம், அது புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம். குரோமியத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் தொழிற்சாலை இருந்த இடம்தான் குரோம்பேட்டை. தோலும் புரதம்தான், அதற்கும் ஆசிட் டைதான் போடுகிறார்கள். அந்தத் தொழிலில் நம் சமுதாயத்தவர் பலர் பிழைத்தார்கள், இன்றும் பிழைக்கிறார்கள். நாகல்கேணிப் பக்கத்துக் கிணறுகள் கெட்டதும் அதே தொழிலால்தான். தோல் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் கடுமையான தீர்ப்பு தந்தது. சாயக் கழிவுநீருக்காக 2011 ஜனவரியில் திருப்பூர்ப் பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் ஒரு பானைத் தண்ணீர் அவ்வளவு பெரிதல்ல. ஆனாலும் தெளியாத சாயத்தை மழைநீர்க் கால்வாயில் கொட்டாதீர்கள். மிச்சம் இருந்தால் இன்னொரு சிட்டத்தைப் போட்டு வெளிர் நிறம் எடுத்துக்கொள்ளலாம்.

கையைப் பற்றி ஒன்று. கம்பளியில் ஏறுவது கைத்தோலிலும் ஏறும், இரண்டும் கெரட்டின். மருதாணி சிவப்பதும் பெரியவர்களின் தாடி சிவப்பதும் இதனால்தான். விரலில் சாயம் பட்டால் ஒளு கூடுமா என்று கேட்கிறார்கள். தோலுக்குள் ஏறிய நிறம் தண்ணீரைத் தடுப்பதில்லை, மருதாணியைப் போலத்தான். பெயிண்ட் போலப் படலமாக ஒட்டியிருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். மேலும் சந்தேகம் உள்ளவர்கள் இமாம் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெருநாளுக்கு முன் கடைகளில் தொங்கும் கறுப்புக் கோன்கள் வேறு. மருதாணி இலை கறுப்பு தராது, பத்து நிமிடத்தில் சிவக்கவும் செய்யாது. கறுப்புக்காகப் பி.பி.டி. என்ற ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். அது விலங்கு ரோமத்துக்கும் தலைமுடிக்கும் போடும் சாயம். தோலில் போட்டால் சிலருக்குக் கொப்புளம் கிளம்பும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுள் முழுக்க இருக்கும், பிறகு தலைச்சாயம் பட்டாலே முகம் வீங்கும். பிள்ளைகளுக்கு வீட்டில் அரைத்த இலையே போதும்.

நூல் வாங்கக் கடன் கேட்டு விண்ணப்பிக்கும் சகோதரிகள், கிலோக் கணக்கில் வாங்குவதற்கு முன் விரல் நீளத் துண்டு ஒன்றை மட்டும் கொண்டுவாருங்கள். சனிக்கிழமைகளில் அஸருக்குப் பின் தீப்பெட்டியோடு அலுவலகத்தில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். எரித்துப் பார்த்த பிறகுதான் இனி கையெழுத்து.