மூக்குக் கண்ணாடியைக் கவனியுங்கள்

'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' படத்துக்கு இரண்டு விதமான பெயர் உண்டு. 2011-இல் வெளிவந்தபோது விமர்சகர்கள் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். கேரி ஓல்ட்மேனுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரை இந்தப் படத்தில்தான் கிடைத்தது. பார்த்தவர்களில் பலரோ, அரை மணி நேரத்துக்குப் பிறகு யார் யாரைத் தேடுகிறார்கள் என்பதே பிடிபடவில்லை என்றார்கள். இரண்டுமே நியாயமான பேச்சுதான். ஆனால் 'கவனமாகப் பார்க்க வேண்டிய படம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் விமர்சகர்கள், எதைக் கவனிப்பது என்று மட்டும் சொல்வதில்லை. வசனத்தைப் பிடித்துக்கொண்டு போனால் இந்தப் படம் கைவிட்டுவிடும். விஷயமெல்லாம் பொருட்களிலும் பார்வைகளிலும்தான் இருக்கிறது.

கதை என்னவோ எளிதுதான். 1970-களின் லண்டன். பிரிட்டிஷ் உளவுத்துறையின் உச்சியில் ஒரு கறுப்பு ஆடு, பல வருடங்களாக மாஸ்கோவுக்கு வேலை பார்க்கிறது. அதைக் கண்டுபிடிக்க, வேலையைவிட்டு அனுப்பப்பட்ட ஜார்ஜ் ஸ்மைலியையே (கேரி ஓல்ட்மேன்) ரகசியமாகத் திரும்ப அழைக்கிறார்கள். படம் நிகழ்காலத்துக்கும் கடந்த காலத்துக்கும் மாறி மாறிப் போகிறது. நம் ஊர்ப் படமென்றால் கொசுவத்திச் சுருளாவது சுற்றும்; இங்கே வருடம் போட்ட எழுத்துகூட வருவதில்லை. ஆனால் இயக்குநர் தாமஸ் ஆல்ஃப்ரெட்சன் அடையாளமே வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. வேலை போன கையோடு ஸ்மைலி கண்ணாடிக் கடைக்குப் போய்ப் புதிய கண்ணாடி மாற்றிக்கொள்கிறார். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதற்குப் பிறகு அவர் முகத்தில் பழைய கண்ணாடி இருந்தால் அது முன்பு நடந்தது; புதியது இருந்தால் இப்போது நடப்பது. பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும். சப்டைட்டிலோடு பார்க்கும் தமிழ் ரசிகருக்குத்தான் இது கூடுதல் கஷ்டம்: கண் திரையின் அடியில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போது கண்ணாடி மாறியதை யார் பார்ப்பது?

இப்படி எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் விடுவது வெறும் வித்தை காட்டல் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்வதற்குமுன் கதையின் ஊற்றைப் பார்க்க வேண்டும். 1974-இல் நாவலை எழுதிய ஜான் லெ காரே, பிரிட்டிஷ் உளவு அமைப்புகளான எம்ஐ5, எம்ஐ6 இரண்டிலும் வேலை பார்த்தவர். எம்ஐ6-இன் பெரிய பதவிகளில் இருந்துகொண்டே சோவியத்துக்கு உளவு சொன்ன கிம் ஃபில்பி 1963-இல் மாஸ்கோவுக்கு ஓடிப்போனதை அந்தத் தலைமுறை மறக்கவேயில்லை. எனவே லெ காரேயின் உளவு, துரத்தலும் வெடிச்சத்தமும் அல்ல, ஆபீஸ் வேலை. படத்தின் மிகப் பதற்றமான கட்டம் எது தெரியுமா? ஸ்மைலிக்கு உதவும் பீட்டர் கில்லம் தன் சொந்த அலுவலக ஆவண அறையிலிருந்து ஒரே ஒரு ஃபைலைத் திருடி வெளியே கொண்டுவருவது. கூட வேலை பார்ப்பவர்களே எதிராளி என்னும்போது யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஸ்மைலிக்குத் தெரியாததை நமக்கு விளக்கிச் சொல்லும் படம், அவர் நாற்காலியில் நம்மை உட்காரவைக்க முடியாது.

நாற்காலி என்றதும் ஒரு காட்சி. சோவியத் உளவுத் தலைவன் கார்லாவை முன்பு டெல்லியில் சிறையில் சந்தித்ததை ஸ்மைலி கில்லமிடம் சொல்கிறார். வேறொரு இயக்குநர் உடனே டெல்லி வெயிலுக்கும் வியர்வைக்கும் தாவியிருப்பார். இங்கே ஸ்மைலி எதிரில் இருக்கும் காலி நாற்காலியைப் பார்த்து, கார்லாவே அதில் இருப்பதுபோலப் பேசுகிறார். மனைவி பரிசளித்த லைட்டரை கார்லா எடுத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது. அவன் முகம் நினைவில்லை என்கிறார். படம் முடியும்வரை நமக்கும் அந்த முகம் காட்டப்படுவதில்லை.

வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. இதே நாவலை 1979-இல் பிபிசி ஏழு பகுதிகளாக எடுத்தது. அலெக் கின்னஸ் ஸ்மைலியாக நடித்த அந்தத் தொடரில் ஒவ்வொரு சந்தேக நபருக்கும் மூச்சுவிட இடம் இருந்தது. 127 நிமிடப் படத்தில் அது இல்லை. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ராய் பிளாண்ட் என்று ஒருவர் சந்தேகப் பட்டியலில் இருக்கிறார். கியரன் ஹிண்ட்ஸ் போன்ற நல்ல நடிகரைப் போட்டுவிட்டு அவருக்குச் செய்ய வேலையே கொடுக்கவில்லை. ஆளையே தெரியாதபோது அவர் துரோகியாக இருப்பாரோ என்று யாருக்குப் படபடக்கும்? பெயர் குழப்பம் வேறு: ஒரே ஆளை ஒருவர் முதல் பெயரால் கூப்பிடுகிறார், இன்னொருவர் குடும்பப் பெயரால், மூன்றாமவர் சங்கேதப் பெயரால். 'யார் அந்தத் துரோகி' என்ற விளையாட்டில் படம் தோற்றுத்தான் போகிறது.

ஆனால் அந்த விளையாட்டில் படத்துக்கே பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை; அதன் அக்கறை துரோகத்தில் உடையும் உறவுகளில்தான். நாவலில் இல்லாத ஒரு கிறிஸ்துமஸ் விருந்தைத் திரைக்கதையில் சேர்த்தார்கள். ஆபீஸே குடித்துக் கூத்தடிக்கும் அந்த விருந்துக்குப் படம் திரும்பத் திரும்பப் போகிறது. கூட்டத்தில் லெ காரேகூடத் தலைகாட்டுகிறார். ஜன்னலுக்கு வெளியே ஸ்மைலி எதையோ பார்த்துவிடுகிறார். அந்த நேரத்தில் அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். கடைசியாக ஒருமுறை அந்த விருந்து வருகிறது. கூட்டத்துக்கு நடுவே, இரண்டு பழைய நண்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். ராய் பிளாண்ட் யாரென்று மறந்துபோனவருக்கும் அந்தச் சிரிப்பு மறக்காது.