ஏமாற்றாமல் ஜெயித்த ஆட்டம்!



பரமபதம் விளையாடும்போது உங்கள் காய் ஏணியில் ஏறுவதும் பாம்பின் வாயில் விழுவதும் தாயக்கட்டையின் கையில்தான் இருக்கிறது. யோசித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் ஆடுபுலி ஆட்டம் அப்படியல்ல. 'நான் இந்த ஆட்டை இங்கே நகர்த்தினால் புலி எங்கே பாயும்?' என்று எதிராளியின் மனத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இப்படி, நம் முடிவின் பலன் அடுத்தவர் முடிவையும் பொறுத்து அமைகிற நிலைமைகளை ஆராயும் கணிதப் பிரிவுக்கு 'ஆட்டக் கோட்பாடு' என்று பெயர். ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் வான் நியூமன் 1928-இல் இதற்கு அடித்தளம் இட்டார். 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் என்ற பொருளியல் அறிஞருடன் சேர்ந்து இதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார்.

இரண்டு சீட்டு ஆட்டம்

ஓர் ஆட்டத்தைப் பார்ப்போமா? விளையாடுவோர் இருவர். ஒவ்வொருவரிடமும் இரண்டு சீட்டுகள். ஒன்றில் 'ஒத்துழைப்பு', இன்னொன்றில் 'ஏமாற்று' என்று எழுதியிருக்கும். இருவரும் ஒரே நேரத்தில் ஒரு சீட்டைக் காட்ட வேண்டும்.

இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளிகள். இருவரும் ஏமாற்றினால் ஆளுக்கு 1. ஒருவர் ஒத்துழைத்து மற்றவர் ஏமாற்றினால், ஏமாற்றியவருக்கு 5, பாவம், நம்பியவருக்கு 0.

இப்போது யோசியுங்கள். எதிராளி ஒத்துழைத்தால், நான் ஏமாற்றினால்தான் 3-க்குப் பதில் 5 கிடைக்கும். அவர் ஏமாற்றினாலும், நானும் ஏமாற்றினால்தான் 0-க்குப் பதில் 1 கிடைக்கும். எப்படிப் பார்த்தாலும் ஏமாற்றுவதே லாபம்! ஆனால் எதிராளியும் இதே கணக்கைப் போடுவார் அல்லவா? முடிவில் ஆளுக்கு 1 புள்ளிதான். கைக்கு எட்டிய 3 வாய்க்கு எட்டாமல் போய்விடும். இந்தச் சிக்கலுக்குக் 'கைதியின் இக்கட்டு' என்று பெயர்.

கம்ப்யூட்டர்களின் போட்டி

ஒரே ஒரு முறை விளையாடினால் இந்தக் கதிதான். திரும்பத் திரும்ப விளையாடினால்? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஆக்ஸல்ராட் இதை அறிய ஒரு போட்டி வைத்தார். அறிஞர்கள் 14 பேர் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் நிரல் அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் மற்றவற்றுடன் 200 சுற்றுகள் மோதியது. முடிவுகள் 1980-இல் வெளியாயின.

தந்திரமான நிரல்கள் பல வந்திருந்தன. ஆனால் வென்றது எது தெரியுமா? எல்லாவற்றிலும் மிகச் சிறிய நிரல்! கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய அதன் பெயர் 'பதிலுக்குப் பதில்'. முதல் சுற்றில் ஒத்துழைக்கும். பிறகு, எதிராளி போன சுற்றில் செய்ததையே தானும் செய்யும். அவ்வளவுதான்! அடுத்த போட்டிக்கு 62 நிரல்கள் வந்தன. அதிலும் இதுவே வென்றது.

வேடிக்கை என்னவென்றால், இந்த நிரலால் எந்த எதிராளியையும் தனியாகத் தோற்கடிக்கவே முடியாது. பிறகு எப்படி முதலிடம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நீங்களும் உங்கள் தோழியும் 'பதிலுக்குப் பதில்' ஆடுகிறீர்கள். மூன்றாமவர் எப்போதும் ஏமாற்றுகிறார். அவருடன் மோதும்போது முதல் சுற்றில் உங்களுக்கு 0, அவருக்கு 5. மீதி 199 சுற்றுகளிலும் ஆளுக்கு 1. ஆக, உங்களுக்கு 199, அவருக்கு 204. அவர்தான் வென்றார்! ஆனால் நீங்களும் தோழியும் ஆடும்போது 200 சுற்றுகளிலும் ஆளுக்கு 3, அதாவது 600. இப்போது கூட்டுங்கள். உங்களுக்கு 799, தோழிக்கும் 799. இருவரையும் ஏமாற்றியவருக்கோ 408 மட்டுமே!

அது கற்றுத் தருவது

முதலில் நாம் ஏமாற்றக் கூடாது. முதல் போட்டியில் முதல் எட்டு இடங்களையும் பிடித்தவை, தானாக முந்திக்கொண்டு ஏமாற்றாத நிரல்களே. யாராவது ஏமாற்றினால் பேசாமல் இருந்துவிடவும் கூடாது. உடனே உணர்த்த வேண்டும். அவர் திருந்தினால் பழையதை மறந்து மறுபடியும் கைகோக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 'பதிலுக்குப் பதில்' ஆடும் இருவரில் ஒருவர் கை தவறி 'ஏமாற்று' சீட்டைக் காட்டிவிட்டால்? மாறி மாறிப் பதிலடி தொடங்கிவிடும். அது நிற்கவே நிற்காது! யாராவது ஒருவர் ஒரு தடவை விட்டுக்கொடுத்தால்தான் சண்டை முடியும். வகுப்பில் 'டூ' விட்டுக்கொண்ட நண்பர்களுக்கும் இது பொருந்தும்தானே?

செய்து பாருங்கள்

நாலைந்து பேர் சேர்ந்து, புளியங்கொட்டைகளைப் புள்ளிகளாக வைத்து இந்த ஆட்டத்தை ஆடுங்கள். ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் மோத வேண்டும். எத்தனை சுற்று என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். கடைசிச் சுற்று தெரிந்துவிட்டால் ஏமாற்ற ஆசை வந்துவிடும்! முடிவில் யாரிடம் அதிகக் கொட்டைகள் சேர்ந்தன, அவர் எப்படி ஆடினார் என்று எண்ணிப் பாருங்கள்.