பெயரும் வேண்டாம், பணமும் வேண்டாம்!
ஹாலிவுட்டை உதறிய கதாசிரியர்

2009-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 6-ந் தேதி, "வாட்ச்மென்" என்ற ஆங்கிலப் படம் அமெரிக்காவில் திரையிடப்பட்டது.

திரையில் டைரக்டர் சாக் ஸ்னைடர் பெயர் வந்தது. நடிகர்கள் பெயர் வந்தது. மூலக்கதைக்குச் சித்திரம் வரைந்த டேவ் கிப்பன்ஸ் பெயரும் வந்தது. கதையை எழுதியவர் பெயர் மட்டும் வரவில்லை!

யாரும் மறந்துவிடவில்லை. தன் பெயரைப் போடக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். தனக்கு வரவேண்டிய பணத்தையும் ஓவியருக்கே கொடுத்துவிடச் சொன்னார்.

அவர்தான் ஆலன் மூர். இங்கிலாந்தில் உள்ள நார்த்தாம்டன் ஊர்க்காரர். 1953-ல் பிறந்தவர். மார்பு வரை தொங்கும் தாடி அவருடைய அடையாளம்.

முகமூடி வீரர்கள்

"வாட்ச்மென்" என்றால் காவலர்கள் என்று பொருள். 1986, 1987-ம் ஆண்டுகளில் 12 இதழ்களாக வந்த சித்திரக்கதை அது. அமெரிக்காவின் டி.சி. காமிக்ஸ் கம்பெனி வெளியிட்டது. பிறகு ஒரே புத்தகமாக வந்தது.

சித்திரக்கதை வீரன் என்றால் ஆகாயத்தில் பறப்பான், ஓடும் ரெயிலை ஒரு கையால் நிறுத்துவான். மூர் படைத்த வீரர்கள் அப்படி அல்ல. அவர்களுக்கு வயதாகிறது, தொந்தி விழுகிறது, பயமும் வருகிறது. முகமூடி போட்டுக்கொண்டு திருடர்களைப் பிடிக்கக்கூடாது என்று சர்க்கார் சட்டமே போட்டுவிடுகிறது!

ஒருவருக்கு மட்டும் அபூர்வ சக்தி உண்டு. அவர் ஒரு விஞ்ஞானி. சோதனைச் சாலையில் நடந்த விபத்தில் உடல் சிதறி, நீல நிற மனிதராக மீண்டும் தோன்றுகிறார். ரோர்ஷாக் என்று இன்னொருவர். அவருடைய வெள்ளை முகமூடியில் கறுப்பு மைத்திட்டுகள் ஓயாமல் உருமாறும். சட்டத்துக்கு அவர் பணியவில்லை. பழைய வீரர் ஒருவரை யாரோ கொன்று, மாடி ஜன்னல் வழியே வீசிவிடுகிறார்கள். ரோர்ஷாக் துப்புத் துலக்கப் புறப்படுகிறார். அமெரிக்காவும் ரஷியாவும் அணுகுண்டு யுத்தத்தின் விளிம்பில் நிற்கும் நேரம் அது.

வீர சாகசக் கதையைத் தலைகீழாகப் புரட்டிய கதை என்று இதைச் சொல்லலாம். 1988-ல் இதற்கு "ஹியூகோ" பரிசு கிடைத்தது.

ஒரே ஒரு நிபந்தனை

கதையை விற்றபோது மூரும் கிப்பன்சும் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். அதில் ஒரு நிபந்தனை. புத்தகம் அச்சில் இல்லாமல் ஓராண்டு கழிந்தால், கதையின் உரிமை இருவருக்கும் திரும்பி வந்துவிடும்.

அந்தக் காலத்தில் சித்திரக்கதை சில மாதம் கடையில் இருக்கும், பிறகு பழைய பேப்பரோடு போய்விடும். ஆகவே, சீக்கிரமே உரிமை கைக்கு வந்துவிடும் என்று மூர் நம்பினார்.

ஆனால் புத்தகம் சக்கைப்போடு போட்டது! கம்பெனி மறுபடி மறுபடி அச்சிட்டது. விற்க விற்க, கதை அவர் கையை விட்டுத் தூரம் போனது. கதையின் சின்னமான மஞ்சள் சிரிப்பு முகத்தை, சட்டையில் குத்தும் பேட்ஜாகவும் விற்றார்கள். அந்தப் பணத்தில் பங்கு உண்டா என்று தகராறு எழுந்தது. மூர் கம்பெனியை விட்டு விலகினார்.

சினிமாவிலும் அவருக்குக் கசப்பு ஏற்பட்டது. அவருடைய இன்னொரு கதை 2003-ல் படமாயிற்று. அந்தப் படத்தின் கதை திருட்டுக்கதை என்று வேறு சிலர் வழக்குப் போட்டார்கள். பல மணி நேரம் மூரைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். சினிமாவே வேண்டாம் என்று அவர் முடிவு செய்தது அதற்குப் பிறகுதான். சொந்தமாகக் கற்பனை செய்து எழுதியவனைத் திருடன்போல நிறுத்திக் கேட்டால் யாருக்குத்தான் மனம் புண்படாது?

கோர்ட்டில் தகராறு

"வாட்ச்மென்" படமாவதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. டெர்ரி கில்லியம் என்ற பிரபல டைரக்டர் முயன்று பார்த்துக் கைவிட்டார். கடைசியில் வார்னர் பிரதர்ஸ் கம்பெனி எடுத்து முடித்தது. உடனே 20-ம் செஞ்சுரி பாக்ஸ் கம்பெனி, உரிமை தன்னுடையது என்று கோர்ட்டுக்குப் போனது. படம் வெளிவர 2 மாதமே இருந்தபோது ராஜி ஏற்பட்டது. வசூலில் பாக்சுக்கும் பங்கு!

கதையை எழுதியவர் ஒரு காசும் வேண்டாம் என்கிறார். எழுதாத இரண்டு கம்பெனிகள் அதற்காகக் கோர்ட்டு ஏறுகின்றன. வேடிக்கைதான்.

படம் 2 மணி 42 நிமிடம் ஓடுகிறது. புத்தகத்தின் சித்திரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஸ்னைடர் பல காட்சிகளை எடுத்தார். நீல மனிதராக நடித்த பில்லி குருடப், சிறு விளக்குகள் பதித்த உடையை அணிந்து நடித்தார். அந்த நீல ஒளி பக்கத்தில் நிற்பவர்கள் முகத்தில் விழுவது அழகு. முடிவை மட்டும் மாற்றிவிட்டார்கள். புத்தகத்தில் நியூயார்க் நகரில் ஒரு ராட்சதப் பிராணி தோன்றும், படத்தில் அது இல்லை. இது சரியா என்று ரசிகர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

குழந்தைகளுக்கு ஏற்ற படம் அல்ல. ரத்தம் அதிகம். அமெரிக்காவிலேயே 17 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்.

அங்கு முதல் 3 நாளில் 5½ கோடி டாலர் வசூல் ஆயிற்று. அடுத்த வாரம் கூட்டம் சட்டென்று குறைந்துவிட்டது.

படம் எடுத்தவர்களுக்குக் கிப்பன்ஸ் ஆலோசனை சொன்னார். மூர் எட்டிப் பார்க்கவே இல்லை.

2012-ல் அதே வீரர்களை வைத்து வேறு ஆசிரியர்களைக் கொண்டு கம்பெனி புதுக் கதைகள் வெளியிட்டது. 2019-ல் டெலிவிஷன் தொடரும் வந்தது. அதிலும் மூர் பெயர் இல்லை.

புத்தகம் இன்னும் அச்சில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் சொன்ன அந்த ஓராண்டு இன்றுவரை தொடங்கவே இல்லை.